சொர்ணக்கன்னி கட்டிய சேலைகள்

நல்லூரணியில் சுவரில் வரைந்திருந்த பெண் முதன்முதலாகச் சேலை மாற்றிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் ஊரே விடியும் முன் எழுந்து குடத்தோடு தெருவில் நின்றது, ஆகவே 'நான் பார்க்கவில்லை' என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லாமல் போயிற்று. முந்தின நாள் சாயங்காலம்வரை அவள் பச்சைப் பாவாடையும் அரக்குத் தாவணியுமாக நின்றிருந்தாள். விடிந்து பார்த்தால், இட்லிக்கடைப் பிச்சம்மாள் மகள் பிரசவத்துக்கு நேர்ந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போயிருந்த ஊதாப் பூச்சேலையைக் கட்டியிருந்தாள், கொசுவம் ஒன்றும் தப்பாமல், முந்தானையை இடது தோளில் பாந்தமாகப் போட்டு. பிச்சம்மாள் வைத்த சேலை வைத்த மடிப்பிலேயே தரையில் இருந்தது, ஆனால் அதில் பூவும் இல்லை, ஊதாவும் இல்லை. வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"இவளுக்கு நல்லாத்தாம் எடுத்திருக்கு," என்றாள் பிச்சம்மாள், குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "எம்மவளுக்குத்தாம் இந்தக் கலரு எடுக்கவே எடுக்காது."

ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். அடுத்த குடத்துக்குச் சண்டை வந்துவிட்டது.

அதிர்ந்து போனது ஒருத்திதான், அவளை வரைந்தவள். உலகம்மை கையில் இருந்த காப்பி டம்ளரை நழுவவிட்டு, அது உருண்டு சாக்கடைக்குள் போவதைக்கூடப் பார்க்காமல், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊதா காய்ந்து, கெட்டிப்பட்டு, பல வருஷத்துப் பெயிண்ட் மாதிரி இருந்தது. அவளிடம் ஊதா டப்பாவே கிடையாது. இந்த ஊருக்கு மூளை கழன்றுவிட்டதா, எனக்குக் கழன்றுவிட்டதா என்று அவள் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேவிட்டாள். "ஒனக்கு ஒண்ணும் இல்ல மைனி, நல்லா வரைஞ்சிருக்கே," என்று அவள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

உலகம்மை சென்னையில் பேர்பெற்ற ஓவியக்காரி, படங்களில் 'உலகு' என்று கையெழுத்துப் போடுகிறவள். அவள் வரைகிற பெண்கள் எல்லோரும் ஒரு கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கண்காட்சிப் புத்தகங்களில் அதைப் பற்றி நினைவு, தொன்மம், அடையாளம் என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுதுவார்கள், அது அவளுக்கே முழுசாக விளங்கியதில்லை. ஏன் எல்லோருக்கும் கழுத்தில் கை என்று கேட்டால், "தெரியல, கை அங்கதான் போகுது," என்பாள். உண்மை அதுதான். சின்ன வயதில் வருஷாவருஷம் ஆடி கடைசி வெள்ளியன்று அப்பா வீட்டுச் சாமியான கன்னியின் பெட்டியைத் திறக்கும்போது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். பெட்டியின் மூடியில் கை வைத்ததும் அப்பாவின் இன்னொரு கை தானாகப் போய்த் தன் கழுத்தைத் தடவும். பார்த்தது அவ்வளவுதான், ஆனால் குழந்தை பார்த்தது கல்லில் வெட்டினது மாதிரி.

அப்பா பூவலிங்கம் மிளகாய் மண்டியில் மூட்டை கட்டியே காலம் தள்ளியவர். அவர் போடுகிற முடிச்சு ஊர்ப் பிரசித்தம்: சணலை இடது பக்கமாக ரெட்டைச் சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, ஒரே இழுப்பு. லாரி குடை சாய்ந்தாலும் மூட்டை பிரியாது. பல்லால் கடித்தாலும் வராது, அவர் பெருவிரல் நகத்தை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் மட்டும் பூ மாதிரி அவிழும். மகளின் முதல் படங்களையும் அவர்தான் சாக்கில் கட்டிச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தார்கள். அவர் அவிழ்க்க முடியாத முடிச்சு என்று ஒன்று அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

அந்தப் பூவலிங்கம்தான் போன மாதம் போன் பண்ணி, "ஏளா உலகு, நம்ம கன்னிக்குப் புதுச் சுவரு எழுப்பியாச்சு. ஊருக்கெல்லாம் வரையுதியே, நம்ம சாமிய ஒருக்க வரைஞ்சு குடுத்துட்டுப் போயேன்," என்றார்.

நம்ம கன்னி என்றது அவருடைய அக்கா சொர்ணத்தை. பதினேழு வயதில் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், கால் வழுக்கியது, தெய்வமாகிவிட்டாள். மறு வருஷமே கனவில் வந்து, 'எனக்குப் பாவாடை தாவணி எடுத்து வைங்க' என்று கேட்டாள் என்பது குடும்பத்துக் கதை. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நாற்பத்தேழு வருஷமாக ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி, சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா எல்லாம் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். போட்டோ ஒன்றுகூட இல்லை. எப்படி இருப்பாள் என்று உலகம்மை கேட்டதற்கு அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒன்னய மாதிரித்தாம்," என்றார். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்து, வயதை மட்டும் குறைத்தாள். கை வழக்கம்போல் கழுத்துக்குப் போயிற்று.

"கைய எடுத்துரு," என்றார் பூவலிங்கம், சுவரைப் பார்க்காமல்.

"ஏன்ப்பா?"

"சாமி எங்கயாவது கழுத்தப் புடிச்சிட்டு நிக்குமா? அருள் குடுக்காண்டாமா?"

"எல்லாச் சாமிக்கும் ஒரே கையாப்பா?" என்று சிரித்துவிட்டு அவள் எடுக்கவில்லை. பிடிவாதம் அந்தக் குடும்பத்துச் சொத்து.

அப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டும். ஊர் என்பது எதையும் இரண்டே நாளில் மென்று விழுங்கிவிடும் ஒரு வயிறு. புதன்கிழமை காலையில் சுவரடியில் எட்டுச் சேலை இருந்தது, வியாழனன்று முப்பது, வெள்ளியன்று வரிசைக்கு நோட்டுப் போட்டு டோக்கன் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு சேலைதான் கட்டுவாள் என்பது தெரிந்ததும் ஒருத்தர் மறுநாள் முறைக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார். நைலக்ஸ் வைக்கக்கூடாது, கறுப்பு ஆகாது என்று சட்டம் வந்தது, யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. நிறம் போன வெள்ளைத் துணிகளைக் கிழித்துத் தொட்டிலுக்கும் பால் வடிகட்டவும் எடுத்துக்கொண்டார்கள். சேலைக்கடைக்காரர், 'கன்னி கட்டிய டிசைன் இங்கே கிடைக்கும்' என்று பேனர் வைத்தார். ஜாக்கெட்டும் பொருத்தமாக மாறுகிறதே, அளவு எடுத்தது யார் என்று இரண்டு தையல்காரர்கள் கைகலப்புவரை போனார்கள். சாமி இல்லை பூதம் இல்லை, சுண்ணாம்பில் நடக்கிற ரசாயன மாற்றம் என்று டீக்கடையில் நின்று விளக்கிய பகுத்தறிவு வாத்தியாரின் மனைவி டோக்கன் எண் நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு மஞ்சக் கலரு," என்று சொல்லிக்கொண்டே ஓடின.

உலகம்மைக்குத்தான் சோறு இறங்கவில்லை. தான் கலக்காத வண்ணம், தான் தொடாத கோடு, தன் முகத்தையே வைத்துக்கொண்டு தினமும் யார் யார் சேலையையோ கட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தி.  எல்லாம் மாறுகிறது, ஆனால் கழுத்தில் இருக்கிற கை மட்டும் மாறவில்லை, அந்தக் கழுத்தில் ஒரு பொட்டு நகையும் ஏறவில்லை என்பதை அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. அன்றைக்கு மட்டும் டோக்கன் கிடையாது, குடும்பத்து முறை. எப்போதும்போல ரேடியோ செட்டுக்கார மாசானம் கூப்பிடாமலே வந்து, இரண்டு தெருவையும் பிரிக்கிற எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட்டார். எழுபது வயதைத் தாண்டியும் ஒரு வருஷம் தப்பியதில்லை; பக்தி முற்றிய மனுஷன் என்பார்கள். எல்லைக் கல்லைத் தாண்டி அவர் வந்ததுமில்லை, அவர் தெருக்காரர்களை வாருங்கள் என்று இவர்கள் சொன்னதுமில்லை. பூவலிங்கம் பெட்டியைத் திறந்து, பட்டுப் பாவாடையும் ரோஸ் தாவணியும் எடுத்து, ஊர் பார்க்கக் காலடியில் வைத்தார். பெற்ற வீட்டுத் துணியைக் கட்டாமலா போவாள் என்று எல்லோரும் குலவை போட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது அவள் முந்தாநாள் கட்டிய யாரோ ஒருத்தியின் சேலையிலேயே நின்றிருந்தாள். ரோஸ் தாவணி ரோஸாகவே தரையில் கிடந்தது. ஞாயிறும் அப்படியே. திங்களன்று பூவலிங்கம் மகளின் முன் வந்து நின்றார். "நீயே வரைஞ்சிருளா. தாவணிய அது மேலேயே போட்டு வரைஞ்சிரு," என்றார். அப்பா கெஞ்சி அவள் பார்த்ததில்லை. வரைந்தாள். மறுநாள் அவள் பூசிய ரோஸ் முழுவதும் பொடியாக உதிர்ந்து சுவரடியில் கோலமாவு மாதிரிக் குவிந்து கிடந்தது.

அப்போதுதான் ஊர் முதன்முதலாகக் குசுகுசுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. "ஊரு சேலையெல்லாம் கட்டுதா, பொறந்த வீட்டுத் துணியத் தொட மாட்டேங்கா," என்று பிச்சம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள். "அண்ணாச்சி, அப்படி என்ன கொறை வச்சிய அவளுக்கு?"

பூவலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று உச்சி வெயிலில், வரிசை கலைந்திருந்த நேரம், வேப்பமரத்தடியிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டு உலகம்மை போனாள். மாசானம் நின்றிருந்தார். மஞ்சள் பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இத அங்கன வச்சிருங்க தாயி. எனக்கு அங்க வந்து பழக்கமில்ல."

பைக்குள் ஒரு சுங்குடிச் சேலை, தவிட்டு நிறத்தில் வெள்ளைப் புள்ளி, மடிப்பெல்லாம் இற்றுப்போய், பாச்சை உருண்டை மணத்தோடு.

"யார் சேலைங்கய்யா இது?"

"சொர்ணத்துச் சேலை."

கன்னி என்று சேர்க்காமல் அந்தப் பேரை யாரும் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொர்ணக்கன்னிக்கு வைப்பதா என்று அவள் தடுமாறிக் கேட்டபோது கிழவர் இடைமறித்தார்.

"கன்னின்னு சொல்லாதீங்க தாயி. நாப்பத்தேழு வருசமா அந்த ஒரு வார்த்தைய என் கொழா வழியாவே நான் ஊருக்குக் கேக்கப் போட்டுட்டிருக்கேன், போதும். முப்பத்தெட்டு நாளு எம்பொண்டாட்டியா இருந்தா. இருவது வயசு அவளுக்கு. மலைக்கோயில்ல வச்சுக் கட்டுனேன்."

உலகம்மை எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூணாவது முடிச்சு போட எங்க அக்கா தங்கச்சி ஒருத்தியும் வரல, பயம்," என்றார் மாசானம். "சாட்சிக்கு ஒரே ஒரு ஆளு வந்திருந்துச்சு. 'அக்கா தங்கச்சியா நெனச்சு நீயே போடுப்பா'ன்னு அவ சிரிச்சிட்டே குனிஞ்சு குடுத்தா. அது போட்டுச்சு."

"யாரு?"

"அத நான் சொல்லப்படாது. அவளே சொல்லாம இருக்கா." அதோடு அவர் திரும்பி நடந்துவிட்டார்.

அவள் சேலையைச் சுவரடியில் வைத்தாள். மறுநாள் விடிந்தபோது சொர்ணம் சுங்குடி கட்டியிருந்தாள். புதுசாக இருந்தது, நாற்பத்தேழு வருஷத்து மடிப்பு ஒன்றையும் காணோம். பதினேழு வயதுக்காக உலகம்மை ஒட்ட வரைந்த கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. இன்றைக்கு யார் முறை, டோக்கன் இல்லாமல் யார் வைத்தது என்று வரிசையில் கூச்சல் எழுந்தது. உலகம்மை கூச்சலுக்கு நடுவில் வீட்டுக்கு ஓடினாள்.

பூவலிங்கம் தெருக் கூச்சலைக் கேட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கை கழுத்தில் இருந்தது.

"ஏளா, சுங்குடியா கட்டியிருக்கா?" என்று அவரே கேட்டார். அதற்கு மேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

"நாந்தாம் போயிக் கூட்டிட்டு வந்தேன்," என்றார். "அவங்க இருக்க எடத்த எவனோ அப்பாகிட்ட சொல்லிட்டான். அம்மைக்கு முடியல, ஒன்னயப் பாக்கணுங்கா, வான்னு கூப்புட்டேன். எம்மேல அவளுக்குச் சந்தேகமே வராதுல்லா. பஸ்ஸ விட்டு எறங்கும்போது, கழுத்துல கயித்தோட வந்தா அப்பா வெட்டிப்போடுவாரு, கழட்டி எங்கிட்ட குடு, பாத்துட்டுத் திரும்பையில மாட்டிக்கன்னு சொன்னேன். தயங்கித் தயங்கித் தலை வழியா எடுத்துக் குடுத்தா. வீடு வாரவரைக்கும் கழுத்தத் தடவிக்கிட்டே வந்தா."

"அப்புறம்?"

"கெணத்தடியில அப்பா நின்னாரு. நான் தெருவுல நின்னேன்." அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா என் பேரச் சொல்லித்தாம் கூப்புட்டா," என்றார்.

உலகம்மை சத்தம் போட்டு அழுதாள். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த தாத்தா படத்தைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், இருபது வருஷமாகக் கண்காட்சிக் கூடங்களில் மாட்டியிருந்த அத்தனை பெண்களையும் நினைத்துப் பார்த்தாள். அத்தனை பேரும் காணாமல்போன ஒரே கயிற்றைத்தான் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். "இத்தன வருசம் அவளுக்கு எப்படிப்பா பாவாடை எடுக்க மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். அவர் எழுந்துபோய் ஓலைப்பெட்டியை இறக்கி, அடியில் கிடந்த பவுடர் டப்பாவைத் திறந்து, எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் வெளியே நடந்தார்.

ஊர் கூடியிருந்த நேரத்தில், பட்டப்பகலில், பூவலிங்கம் வரிசையைத் தாண்டிப் போய்ச் சுவரடியில் குனிந்து மஞ்சள் கயிற்றை வைத்தார். "இது எங்க அக்காளுக்கு மாசானம் கட்டுன தாலி," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாந்தாம் கழட்டி வாங்கினேன்."

 கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி, "அப்பம் நாளைக்கு யாரு மொறை?" என்று கேட்டாள். உலகம்மைக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலையில் முறை கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கயிறு வெள்ளையாகத் தரையில் கிடந்தது. சொர்ணம் திரும்பி நின்றிருந்தாள். கண் இல்லை, மூக்கு இல்லை, உலகம்மை தன் சாயலில் வரைந்த முகம் சுவருக்குள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, ஊருக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு. கழுத்தைப் பிடித்திருந்த கை கீழே இறங்கிச் சும்மா தொங்கியது. தாலி கட்டும்போது மணப்பெண் ஒதுக்கிக்கொள்வது மாதிரிச் சடையை எடுத்து முன்னால் போட்டிருந்தாள். பிடரியில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. அதில் மூன்று முடிச்சு.

சேலை மாற்றியபோது அசராத ஊர் அன்றைக்கு அசந்து போயிற்று. பிச்சம்மாள் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வேப்பமரத்தடியிலிருந்து மாசானம் எழுந்து, எல்லைக் கல்லைத் தாண்டி, நடந்து வந்தார். வரிசை தானாக விலகியது. அவர் அவள் பின்னால் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார், கல்யாணத்தன்று நின்ற அதே இடம் மாதிரி.

உலகம்மை பக்கத்தில் போய்ப் பார்த்தாள். முதல் இரண்டு முடிச்சும் சின்னதாக, பயந்த கையால் போட்டதாக இருந்தன. மூன்றாவது அப்படி இல்லை. இடது பக்கமாக ரெட்டைச் சுற்று. நுனி உள்ளே செருகல். ஒரே இழுப்பு.

சாட்சிக்கு வந்த அந்த ஒரே ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆளைத் தவிர, அவர்கள் இருந்த இடம் தெரிந்த வேறு யாரும் இருந்திருக்க முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. 

"எவனோ சொல்லிட்டான்னு சொன்னியளேப்பா," என்றாள்.

பூவலிங்கம் மகளைப் பார்க்கவில்லை. "அவள ஒருக்க இங்கிட்டுத் திரும்பச் சொல்லுளா," என்றார் சுவரைப் பார்த்து. "நீ வரைஞ்சவதான. மொகத்த மட்டும் ஒருக்க வரைஞ்சிரு. ஒரே ஒருக்க."

"நான் வரைஞ்சது எம்மொகம்ப்பா. அவ மொகம் ஒங்களுக்குத்தாம் தெரியும்."

அவர் மெல்லப் போய்ச் சுவரை ஒட்டி நின்றார். பெருவிரல் நகத்தை அந்த மூன்றாவது முடிச்சில் வைத்து, மண்டியில் ஆயிரம் மூட்டைக்கு நெம்பியது மாதிரி நெம்பினார். திரும்பவும் நெம்பினார். நகம் பிளந்து ரத்தம் வந்தது, சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது, ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. பூவலிங்கம் போட்டு, பூவலிங்கத்தால் அவிழ்க்க முடியாமல் போன முடிச்சு அது ஒன்றுதான்.